வியாழக்கிழமை மனுக்கள்

எங்கள் சட்டக் கல்லூரிக்கு இடம் கொடுத்த பெரியவர் வாழ்நாளில் பாதியைக் கோர்ட்டு வராந்தாவில் கழித்தவர். ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி. ஒன்பது ஏக்கருக்காகச் சொந்தத் தம்பியோடு வழக்கு. முன்சீப் கோர்ட்டில் தொடங்கி அப்பீல், இரண்டாவது அப்பீல் என்று போய், அவர் பக்கம் தீர்ப்பானபோது தம்பி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. தம்பி பிள்ளைகள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். இவருடைய பிள்ளைகளும் நிலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்த நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்.

நான் கள்ளக்குறிச்சியில் இருபது வருடத்துக்கு மேல் வக்கீல் தொழில் பார்த்தவள். என் அப்பா இந்தப் பெரியவர் வயலில்தான் கூலிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வரப்போரம் அண்டை வெட்டக் கிளம்புவார். அந்த நாளில் பெரியவர் என்னை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். கறுப்புக் கோட்டு போட்ட பிறகு "வக்கீலம்மா" ஆனேன். மாறிக்கொள்ள அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருந்தது. என்ஜினியரிங், நர்சிங், பி.எட். எல்லாம் உண்டு, சட்டம் மட்டும் இல்லை. மாவட்டம் பிரிந்ததிலிருந்து சட்டக் கல்லூரி போட்டால் ஓடும் என்று அங்கே பேச்சு. யாராவது இடம் கொடுத்தால் கட்டடத்துக்கு டிரஸ்டு பணம் போடும், ஆனால் டில்லி அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் முழுப் பணமும் வெளியே வரும் என்றார் பல்கலைக்கழகப் பதிவாளர். இடம் வைத்திருந்தவரையும் பணம் வைத்திருந்தவர்களையும் நான்தான் சேர்த்து வைத்தேன். எனக்கும் ஆசை இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. நான் எம்.எல். முடித்திருந்ததால் முதல்வர் நாற்காலி எனக்கு என்று பதிவாளர் சொல்லியிருந்தார். அண்டை வெட்டினவர் மகள் அதே மண்ணில் முதல்வராக உட்காருவாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

தானப் பத்திரத்தை நானே எழுதினேன். பெரியவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வக்கீலம்மா, இன்னொண்ணும் எழுதிக்கோங்க. வாரத்துல ஒரு நாளு ஏழபாழ வந்தா காசு வாங்காம கேசு பாக்கணும். நான் அலைஞ்ச மாதிரி இன்னொருத்தன் அலையக் கூடாது."

"எந்தக் கெழமைன்னு போடட்டுங்க ஐயா?"

"வியாழக்கெழம. என் வாய்தாவெல்லாம் ஜாஸ்தி வியாழக்கெழமதான் வந்துக்கினு இருந்திச்சி."

அதோடு விடவில்லை. அந்த இலவச மையம் நடக்கவில்லை என்று தெரிந்தால் இடம் தன் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பதிவாளருக்கு அந்த வரி பிடிக்கவே இல்லை. வெளியே கூப்பிட்டு, "இதெல்லாம் பின்னால வம்பு மேடம்" என்றார். பெரியவரோ அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்றுவிட்டார். நான் அவர் பக்கம் பேசினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய உருப்படியான வரி அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

டில்லியிலிருந்து பார்வைக் குழு வந்து நூலகம், மாதிரி நீதிமன்றம், சட்ட உதவி மையம் மூன்றையும் பார்த்துத்தான் அங்கீகாரம் கொடுக்கும். நூலகத்துக்காகச் செத்துப்போன வக்கீல்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பரண்மேல் கிடந்த சட்டத் தொகுப்புகளைக் கரையான் தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். மாதிரி நீதிமன்றத்தில் தச்சர் நீதிபதி மேடையை ஆளுயரத்துக்கு அடித்து வைத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். "ஜட்ஜுன்னா ஒசரத்துல இருந்தாத்தானுங்களே பயம் வரும்" என்றார். அதைப் பாதிக்கு மேல் அறுத்து இறக்க வேண்டியிருந்தது.

உதவி மையத்துக்குத்தான் ஆள் வரவில்லை. ஊருக்கு வெளியே அந்தக் கருவேலங்காட்டு ஓரத்துக்கு யார் வருவார்கள்? நாலு வியாழக்கிழமை நானும் ஒரு மேசையும் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது வாரம் பதிவாளர் எட்டிப் பார்த்தார்.

"ரிஜிஸ்டர் காலியா இருந்தா எப்டி மேடம்? ஆளு வரலன்னா நாமதான் போவணும். மலைக்குப் போங்க. மலை ஜனங்கன்னா குழுவுக்கும் எடுப்பா இருக்கும்."

எடுப்பாக இருக்கும் என்ற சொல் எனக்கு உறுத்தியது. ஆனாலும் போனேன். பல்கலைக்கழகப் பேருந்தில் பேனர், மேசை, ரசீதுப் புத்தகம், புதிதாகச் செய்த வட்ட சீல் எல்லாம் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் கடை விரித்தோம். டீயும் வடையும் கொடுத்தோம். முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று மனுக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் நானே எழுதி, எண் போட்டு, ஊதா மையில் சீல் குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஜீப் போகும் தடத்திலிருந்தும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து காலையிலேயே கிளம்பி நடந்து வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார். மாமியார் காலத்திலிருந்து உழுதுவரும் ஒன்றரை ஏக்கர் இருந்தது. சாமையும் மரவள்ளியும் போடுவார். அது காட்டு நிலக் கணக்கில் இருந்தது. வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தார், நிராகரித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த உத்தரவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"முடியாதுன்னு எழுதிக்கிதுமா. மேல போலாம்னும் கீழ எழுதிக்கிது. அத்த யாராண்ட போய்க் குடுக்கிறது?"

நான் உத்தரவைப் பார்த்தேன். அறுபது நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"எங்ககிட்ட குடுத்துட்டீங்க இல்ல, நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

மேல்முறையீட்டை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்தது, நெடு நாளைக்குப் பிறகு மனசு வைத்து எழுதிய மனு. எங்கே கையெழுத்து என்று காட்டினேன், போட்டார். சீல் வைத்த ரசீதை இரண்டு கையாலும் வாங்கி, அந்தப் பிளாஸ்டிக் கவரில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் மலையிறங்கும்போது போனில் பதிவாளரிடம் சொன்னேன், மனுக்களை நாளைக்கே அந்தந்த அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று.

"அவசரம் இன்னா மேடம்? அடுத்த வாரம் குழு வருது. ஒரிஜினல் நம்ம ஃபைல்ல இருக்கட்டும். ஜெராக்ஸ் காட்டினா செட்டப்புன்னு நெனச்சிப்பாங்க. பாத்துட்டுப் போனதும் அனுப்பிச்சிக்கலாம்."

நான் சரி என்றேன்.

இந்த இடத்தில் பதிவாளர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். முடியாது. அவர் சட்டம் படித்தவர் இல்லை, நான் படித்தவள். ஒரு பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் அசல் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும், குழுவுக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று. அது எனக்குத் தோன்றவே இல்லை. மனுக்களை எண் வரிசையில் அடுக்கி நாடா கட்டி இரும்பு பீரோவில் வைத்தேன். பீரோ சாவி என் கைப்பையில் இருந்தது.

அடுத்த வாரம் குழு வரவில்லை. டில்லியில் ஏதோ கூட்டம் என்றார்கள். அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள், அதற்கும் வரவில்லை, உறுப்பினர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் தரையைக் கழுவி, கோலம் போட்டு, பழைய புத்தகங்களைத் துடைத்து வைத்தோம். நான் புது வாசல் போர்டுக்கு எழுத்து எந்த அளவு என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் மனு என் நினைவிலேயே இல்லை. பொய் சொல்லவில்லை, சுத்தமாக இல்லை.

ஒருவழியாகக் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பொறுமையான மனிதர். மாதிரி நீதிமன்றத்தில் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு உதவி மையத்தில் உட்கார்ந்துவிட்டார். நாடாவை அவிழ்த்தார். பென்ஷன் மனுக்களைத் தள்ளிவிட்டு இந்த மனுவை எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சட்டப் படிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இந்த மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார்.

நான் மனசுக்குள் நாளை எண்ணினேன். அறுபத்து நாலு.

"நடவடிக்கையில் இருக்கிறது" என்று பதிவாளர் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் பதிவாளரிடம் சொன்னேன். கெடு தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் முப்பது நாள் வரை தாமதத்தை மன்னிக்க மாவட்டக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது, நாளைக்கே போட்டுவிடலாம் என்றேன். அங்கீகாரக் கடிதம் கைக்கு வரும் வரை ஃபைலைத் தொடக் கூடாது, மறுபடி கேட்டாலும் கேட்பார்கள் என்றார். கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. இரண்டு வாரமும் நான் பொறுத்துக்கொண்டேன். எழுபத்தெட்டாம் நாள் அந்தப் பெண்ணுக்கு ஆள் அனுப்பினேன்.

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். உண்மைக் காரணம் ஒரே வரிதான்: சட்டக் கல்லூரி உதவி மையம் மனுவைப் பெற்றுக்கொண்டு அனுப்பாமல் வைத்திருந்தது. அதை எழுதிப் பதிவாளரிடம் காட்டினேன். அவர் உட்கார்ந்தபடியே படித்தார்.

"பத்திரத்துல நீங்க எழுதின வரி ஞாபகம் இருக்குதா மேடம்? மையம் நடக்கலன்னு நீங்களே கவர்மெண்டு ஃபைல்ல எழுதிக் குடுக்கிறீங்க. பெரியவரோட பசங்க நாளைக்கி இத்த வாங்கி எடத்தைக் கேட்டா இன்னா பண்ணுவீங்க? கட்டடம் பாதி ஏறிடுச்சி. இந்தப் பேப்பரைப் போட்டுட்டு நீங்க எந்த நாற்காலியில ஒக்காருவீங்க?"

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். இந்த மாதிரி மனுவுக்கு வக்கீல்கள் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வாசகம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எந்தக் கட்டைப் பிரித்தாலும் அது கிடைக்கும். "மனுதாரர் எழுதப் படிக்கத் தெரியாதவர். போக்குவரத்து வசதியற்ற மலைப்பகுதியில் வசிப்பவர். சட்ட நடைமுறை அறியாமையால் ஏற்பட்ட இத்தாமதம்…" கை தானாக எழுதிவிட்டது.

மறுநாள் அந்தப் பெண் வந்தார். ஒரு பை நிறையக் கடுக்காய் கொண்டுவந்திருந்தார், வயிற்றுக்கு நல்லது என்று. காட்டிலாகா ஆட்கள் வந்து நிலத்தில் குழி எடுக்க அடையாளக் கல் நட்டிருக்கிறார்கள் என்றார்.

"ரசீதைக் காட்டினேன்மா. காலேஜ்ல குடுத்துக்கிறேன், சீல் வச்சிக் குடுத்துக்கிறாங்கன்னேன். மேல ஆர்டர் எதுவும் வர்லியேன்னுட்டாங்க."

"நடுவுல ஒரு தடவ வந்து கேட்டிருக்கலாமே" என்றேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சீல் வச்சிக் குடுத்துட்டீங்க. அதுக்கு மேல வந்து இன்னாச்சின்னு கேட்டா ஒங்கள நம்பாத மாதிரி ஆயிடாதா?"

நடந்ததைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன். டில்லி ஆட்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது, நாள் தாண்டிவிட்டது, இப்போது இன்னொரு மனு போட வேண்டும் என்றேன். தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்னு போட்டுக்கிது. இது நானாமா?"

அவர் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவர். அன்றைக்கு வராந்தாவில் உத்தரவில் இருந்ததை அவராகத்தான் எனக்குச் சொன்னார். எல்லாம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"அப்படி எழுதினாத்தான் ஏத்துப்பாங்க" என்றேன். அவமானத்தில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் நான் நீட்டிய பேனாவைத் தள்ளினார்.

"அப்போ கையெழுத்து போட்டா பொய்யின்னு தெரிஞ்சிடும்ல. மை டப்பா எடுங்க."

நான் எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலை மையில் அழுத்தி, எந்த இடத்தில் என்று என்னைக் கேட்டு, வைத்தார். என்னால் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை. ரத்தினக் கம்பளம் விரித்த அந்த அறையில் வேறு எதையாவது பார்க்க வேண்டுமே என்று சுவரில் இருந்த கட்டட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் கட்சிக்காரர்கள் கையெழுத்தை ஒத்துப் பார்த்தே சோறு தின்றவள் நான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வாசல் பேனரில் அந்தப் பெண்ணின் படம் பெரிதாக இருந்தது, வெள்ளிமலை வராந்தாவில் ரசீதை இரண்டு கையாலும் வாங்கும் படம். பெரியவரை மேடையில் முதல் வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டோம். காது மந்தமாகிவிட்டிருந்தது. என் பக்கம் சாய்ந்து, "வியாழக்கெழம நடக்குதா வக்கீலம்மா?" என்று கேட்டார்.

"நடக்குதுங்க ஐயா."

"நல்லாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விழா முடியும் வரை விடவில்லை.

அடுத்த வாரம் மாவட்டக் குழுவின் உத்தரவு வந்திருக்கிறது என்றார்கள். நானே கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். நகலைக் கொடுத்த எழுத்தர் தெரிந்தவர்தான்.

"இன்னா மேடம் நீங்க போயி இப்டி? அவங்க மொதல் மனுல முத்து முத்தாக் கையெழுத்து போட்டுக்கிறாங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரியாதுன்னு கைநாட்டு வாங்கிக் குடுத்துக்கிறீங்க. குழுவுல அத்தத்தான் கேட்டாங்க."

தாமதத்துக்கான காரணம் பொய் என்று தெரிவதால் மனு தள்ளுபடி. அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். உண்மைக் காரணத்தை எழுதியிருந்தால் பத்தொன்பது நாளை மன்னித்திருப்பார்கள் என்று எழுத்தர் போகிற போக்கில் சொன்னார். அதற்குப் பிறகு படியிறங்கி எப்படிப் பேருந்து நிலையம் வந்தேன் என்பது ஞாபகமில்லை.

தபாலில் அனுப்பாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளிமலை வரை பஸ், அப்புறம் ஜீப், அப்புறம் நடை. அவர் வீடு பூட்டியிருந்தது. நிலத்தில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனேன். மரவள்ளியைப் பிடுங்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், காட்டிலாகாவின் மரக்கன்று நடும் வேலை. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது ஆளாக அவர் நின்றிருந்தார். தன் நிலத்திலேயே கூலிக்கு.

என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "இங்க எந்த எடத்துல பாறை, எந்த எடத்துல மண்ணுன்னு எனக்குத்தான் தெரியும். அதான் கூப்டாங்க" என்றார். நான் உத்தரவை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. இரண்டு கையும் மண்ணாக இருந்தது. ஆனால் அதற்காக இல்லை.

"நீங்களே படிங்கமா" என்றார். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் படிக்க ஆரம்பித்தேன். மனுதாரர் பெயர், ஊர், சர்வே எண். தமது முதல் விண்ணப்பத்தில் தெளிவாகக் கையொப்பமிட்டுள்ளதால் என்ற வரி வந்ததும் நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க" என்றார். "முழுசாப் படிங்க."

படித்தேன்.